உன் முதுகுக்கு அளவெடுத்த சீட்

அன்பு மகனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நீ பச்சைக் காரிலிருந்து கழற்றித் தூக்கிவந்து என் தையல் மேசைமேல் வைத்துவிட்டுப் போன சீட் அப்படியே கிடக்கிறது. "அம்மா, அந்தக் கொழும்பு ஆளுக்கு முதுகுப் பக்கம் ரெண்டு அங்குலம் முன்னால வர்ற மாதிரி ஸ்பொன்ஜ் வச்சுத் தச்சிருங்க, அவசரமில்ல" என்று சொல்லி, ஒரு துண்டுக் காகிதத்தில் அந்த ஆளின் அளவையும் எழுதிவைத்து, தேத்தண்ணியைக்கூட முழுதாய்க் குடிக்காமல் குருநாகலுக்கு பஸ் ஏறிவிட்டாய். நான்கு நாளாகக் கத்தரிக்கோலை எடுக்கிறேன், வைக்கிறேன். மாத்தளை அலுவிகாரையில் இந்தக் கடையைப் போட்ட நாளிலிருந்து எத்தனை வேனுக்கும் பஸ்ஸுக்கும் முச்சக்கர வண்டிக்கும் சீட் பிரித்துத் தைத்திருப்பேன்! ஒரு தையலைப் பிரிக்க இப்படித் தயங்கியதில்லை. கண் ஆபரேஷன் செய்த கிழவி, அப்படித்தான் இருப்பாள் என்று நினைத்துவிடாதே. உன்னிடம் பதினான்கு வருடமாகச் சொல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்தச் சீட்டில் கை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் ஆரம்பிப்பேன், நீ "என்னம்மா?" என்பாய், உடனே நான் மருமகள் சாப்பிட்டாளா, வாந்தி நின்றதா என்று பேச்சை மாற்றிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். மோட்டார் விழா முடிந்து தம்புள்ளையிலிருந்து திரும்பும்போதும் அதுதானே நடந்தது? காருக்குச் சொந்தக்கார நோனாவின் வேனில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் உன் பக்கத்திலேயே இருந்தேன். நாலந்தை தாண்டும்போது "மகன்" என்று கூப்பிட்டேன். "என்னம்மா, தலை சுத்துதா?" என்று நீ தண்ணீர்ப் போத்தலை நீட்டினாய். வாங்கிக் குடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். எழுதினால் பாதியில் போத்தலை நீட்ட யாரும் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் அந்தத் திடலில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். நீ வேலையில் இருந்தாய், நான் பார்த்ததை நீ பார்த்திருக்க முடியாது. மோட்டார் விழா என்று நீ கூப்பிட்டபோது எனக்கு வர விருப்பமில்லை. நோனாவே வேன் அனுப்பிவிட்டாள், மறுக்க முடியவில்லை. தம்புள்ளை வெயில் உனக்குத் தெரியும், காலை பத்து மணிக்கே செருப்பு சுட்டது. கொழும்பிலிருந்து லொறிகளில் ஏற்றிவந்த அந்தப் புதுக் கார்களை ஒவ்வொன்றாக இறக்கினார்கள். நம் ரோட்டில் ஒரு வேகத்தடை வந்தால் அடிவயிறு கிழிந்துவிடும், அத்தனை தாழ்வு. கதவு பக்கவாட்டில் திறக்காமல் மேலே போகிறது. இதற்குள் சேலை கட்டிய ஒருத்தி எப்படி ஏறுவாள் என்று யாரும் யோசிக்கவில்லை போல. செம்மஞ்சள் நிறத்தில் ஒன்று நின்றதே, அதற்குப் பக்கத்தில் போய் உள்ளே எட்டிப் பார்த்தேன். காரையா பார்த்தேன்? சீட்டைத்தான். நூல் போன விதம் என்ன அழகு! ஒரு தையல் பெரிது ஒரு தையல் சிறிது என்றில்லை. "அன்ட்டி, கொஞ்சம் தள்ளுங்க, போட்டோ எடுக்கணும்" என்று ஒரு பெடியன் சொன்னான். நான் தள்ளவில்லை, அவனுடைய போட்டோவில் என் மூஞ்சியும் இருக்கும்.

பிறகு அந்தப் பக்கம், துணிக்கூரைக்குக் கீழே, பழைய பந்தயக் கார்களுக்கு வந்தேன். புதுக் கார்களைச் சுற்றித்தான் கூட்டம். இங்கே கிழவர்களும், கிழவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த பேரப்பிள்ளைகளும். எண்ணெயும் பெற்றோலும் கலந்த மணம் வந்ததும் நம் கராஜில் நிற்கிற மாதிரி இருந்தது, உன் அப்பா எங்கே என்று ஒரு கணம் திரும்பிப் பார்த்தேன். கடைசியில் நின்றது நம் பச்சைக் கார். நோனாவின் அப்பா, பெரிய மாத்தயா, யட்டவத்தைப் பக்கம் கொக்கோத் தோட்டத்துக் கொட்டிலில் போட்டு வைத்திருந்த ஒற்றைச் சீட் கார். உன் அப்பா ஒவ்வொரு ஆணியாகக் கழற்றிப் பூட்டியது, நீ ஓட்டியது. அதற்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்துகொண்டு நீ எதையோ முடுக்கிக்கொண்டிருந்தாய். முப்பத்தேழு வயது, தலையில் நரை, முதுகு மட்டும் அதே முதுகு.

உங்கள் முறை வந்தபோது அந்தக் காரைத் தள்ளிக்கொண்டு போனது நீ. கோட்டில் கொண்டுபோய் நிறுத்தினாய். ஏறியது கொழும்பிலிருந்து வந்த அந்த ஆள். நல்ல மனுஷன்தான், குறை சொல்லவில்லை, ஆனால் குள்ளம். முதுகு சீட்டில் படவில்லை, கால் எட்டவில்லை. நோனா வேனிலிருந்து ஒரு மஞ்சள் தலையணையைக் கொண்டுவந்து கொடுத்தாள், நீ அதை அவருக்குப் பின்னால் அமுக்கி வைத்தாய். ஒலிபெருக்கியில் அவருடைய பெயர், பெரிய மாத்தயாவின் பெயர், காரின் வரலாறு எல்லாம் சொன்னார்கள். காரைப் பூட்டிய பாஸின், அதுதான் உன் அப்பாவின், பெயரையும் சொல்லவில்லை, பாஸின் மகனின் பெயரையும் சொல்லவில்லை. கார் உறுமிக்கொண்டு போனதும் சனம் கைதட்டிற்று. நான் காரைப் பார்க்கவில்லை மகன், உன்னைப் பார்த்தேன். கையில் எண்ணெய்த் துணியோடு கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றாய். கார் வளைவுக்கு வரும்போதெல்லாம் உன் வலது கால் தரையை அழுத்தியது. கை தொடைப் பக்கத்தில் கியர் மாற்றியது. உனக்கே தெரியாமல் முழு ஓட்டத்தையும் நின்ற இடத்திலேயே நீ ஓட்டி முடித்தாய். முடிந்ததும் என்னிடம் வந்து, "சத்தம் எப்படிம்மா?" என்று கேட்டாய். நல்லா இருந்துச்சு என்றேன். "மூணாவது கியர்ல கொஞ்சம் இழுக்குது. அவருக்கு அது வெளங்கல" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய்.

அதற்குப் பிறகு நீ காரைத் துடைக்கப் போனபோது நோனா என்னிடம் வந்தாள். மூன்று மாதத்தில் மலைப்பாதையில் ஒரு ஓட்டம் இருக்கிறதாம், இந்தக் காரையும் கூப்பிட்டிருக்கிறார்களாம். "உங்க மகனத்தான் முதல்ல கேட்டேன். கண்ணுல பிரச்சினை, டாக்டர் ஓட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்கார்னு சொல்லிட்டார். அப்பா உயிரோட இருந்தா வேற யாரையும் அந்தக் கார்ல ஏறவே விட்டிருக்கமாட்டார். பாவம் இல்லையா, அம்மா?" என்று சிங்களத்தில் கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் நோனா, பாவம் என்று வேறு சொன்னேன்.

பாவம் செய்தது நான். இனிச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை.

அந்த வருடம் உனக்கு இருபத்து மூன்று. பந்தயத்துக்கு முன் கிழமை உன்னை வெறும் தகரச் சீட்டில் உட்காரவைத்து சோக்கட்டியால் முதுகைச் சுற்றிக் கோடு போட்டேன். கூச்சம் தாங்காமல் நீ சிரித்தாய், கோடு எல்லாம் கோணலாகிப்போனது. அப்பா ஸ்பானரோடு வந்து, "இவனுக்குக் கல்யாண உடுப்பா தைக்கிறீங்க?" என்று கேட்டார். நீ சாப்பிடப் போன நேரம் இடது தோள் படும் இடத்தில், லெதருக்கும் ஸ்பொன்ஜுக்கும் நடுவில், அந்தோனியார் பதக்கம் ஒன்றை வைத்துத் தைத்தேன். உனக்கு அது தெரியாது. அப்பா பார்த்துவிட்டார். "வெயிட் கூடுது, மகனுக்கு ஒரு செக்கன் போச்சு" என்று கேலி செய்தார். தையலைப் பிரிக்கச் சொல்லவில்லை.

பந்தயத்தன்று மழை பெய்த வளைவில் நீ மண்திட்டில் மோதினாய். இரண்டு நாள் கண் திறக்கவில்லை. மூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை. அப்பாவை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வஹகோட்டைக் கோயிலுக்குப் போனேன். அந்தோனியார் சுருபத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று, என் பிள்ளையை எழுப்பிக் கொடுங்கள், இனி அவனை அந்தக் காரில் ஏறவிட மாட்டேன் என்று பொருத்தனை வைத்தேன். மெழுகுதிரி ஏற்றுகிறேன், மொட்டை போடுகிறேன், காணிக்கை போடுகிறேன் என்று எதையும் நேர்ந்திருக்கலாம். என்னுடையதைக் கொடுக்க வாய் வரவில்லை, உன்னுடையதைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த நாள் காலையில் நீ கண் திறந்து, "ரெண்டு அம்மா தெரியுது" என்றாய். அப்பா அழுதார். நான் பயந்துபோனேன். கேட்டது கிடைத்துவிட்டது, இனிச் சொன்னதைச் செய்யவேண்டுமே.

வீட்டுக்கு விடும் நாளில் டாக்டர் என்னை மட்டும் கொரிடோருக்குக் கூப்பிட்டார். அப்பா வேனைக் கொண்டுவரப் போயிருந்தார். எல்லாம் இரண்டாகத் தெரிவது ஆறு எட்டுக் கிழமையில் சரியாகிவிடும், க்ளினிக்குக்கு ஒரு தடவை கொண்டுவாருங்கள், அதற்குப் பிறகு வழமைபோல வாகனம் ஓட்டலாம் என்றார். கையில் டயக்னோசிஸ் கார்டையும் தந்தார். கொரிடோரிலிருந்து உன் கட்டிலுக்குப் பத்து எட்டு நடை இருக்கும். அந்தப் பத்து எட்டுக்குள் முழுப் பொய்யையும் தைத்து முடித்துவிட்டேன். "கண்ணுக்குப் பின்னால நரம்பு வீக்காம் மகன். இன்னொரு அடி பட்டா பார்வை போயிருமாம். சாதாரணமா ஓட்டலாம், பந்தயம் மட்டும் வேணவே வேணாம்னு சொல்லிட்டார்" என்றேன். நீ சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாய். கார்டு எங்கே என்று நீ கேட்கவில்லை. வீட்டுக் கடுதாசியெல்லாம் அம்மாவின் அலுமாரியில்தானே என்று விட்டுவிட்டாய். க்ளினிக் நாளில் நான் மட்டும் போய்வந்ததாகச் சொன்னேன், அங்கேயும் போகவில்லை. மேலும் கேட்டால் இதைவிட மோசமாக ஏதாவது சொல்வார்கள் என்று உனக்குப் பயம். அந்தப் பயத்தைத்தான் நான் எனக்கு வசதியாக்கிக்கொண்டேன்.

நீ எழுந்து நடந்தாய், சேர்விஸ் சென்டரில் வேலை எடுத்தாய், கல்யாணம் கட்டினாய். நானும் நல்லதுதானே செய்தேன் என்று தைரியமாகத் திரிந்தேன். கெட்டிக்காரி என்று என்னையே மெச்சிக்கொண்ட நாளும் உண்டு, மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் அந்தப் பொய் உன்னோடு நிற்கவில்லை. பந்தயத்துக்கு முந்தின நாள் அந்தக் காருக்கு ப்ரேக் பார்த்தது அப்பா. ப்ரேக்கில் ஒரு பிழையும் இல்லை, மழையில் சறுக்கியது என்று பெரிய மாத்தயாவே வந்து சொன்னார். அப்பா நம்பவில்லை. அன்றிலிருந்து ப்ரேக் வேலை வந்தால் வேறு கராஜுக்கு அனுப்பிவிடுவார். முழங்கால் வலி, குனிய முடியவில்லை என்று உன்னிடம் சொல்வார், நீயும் எண்ணெய் வாங்கிவந்து தேய்த்துவிடுவாய். அவருடைய முழங்காலில் ஒன்றுமே இல்லை மகன். கடைசி மாதம் கட்டிலில் கிடந்தபோது ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவனோட கண்ண நான்தான் கெடுத்தேன்" என்றார். ஒரு வசனம் போதும், அந்த மனுஷன் நிம்மதியாகப் போயிருப்பார். "சும்மா இருங்க, அதெல்லாம் யோசிக்காதீங்க" என்று சொல்லி வாய் துடைத்துவிட்டேன். நான்கு வருடமாகிறது. அவருடைய கல்லறைக்குப் போனால் பூவை வைத்துவிட்டு உடனே திரும்பிவிடுகிறேன், ஏன் இத்தனை அவசரம் என்று நீ கேட்பாயே, அதற்கு இதுதான் காரணம்.

போன வருடம் என் கண்ணைக் காட்ட என்னை நீ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாய். வெளியில் வாங்கில் உட்கார்ந்து காத்திருக்கும்போது சுவரில் தொங்கிய எழுத்துப் பலகையை, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, பிறகு மற்றக் கண்ணைப் பொத்திக்கொண்டு, கடைசி வரி வரைக்கும் எனக்கு வாசித்துக் காட்டினாய். "பாத்தீங்களா, வெளியில எல்லாம் பெர்பெக்ட். உள்ளுக்குள்ளதான் வீக்" என்று சிரித்தாய். "இந்த டாக்டர்கிட்டயே ஒருதரம் காட்டிப் பாப்பமா?" என்றும் கேட்டாய். "பஸ் போயிரும், இன்னொரு நாள் பாப்பம்" என்றேன். மாத்தளைக்குக் கால் மணித்தியாலத்துக்கு ஒரு பஸ் இருக்கிறது. முதல் பொய்யைப் பயத்தில் சொன்னேன் என்று சாட்டுச் சொல்லலாம். இதற்கு என்ன சாட்டு? என் மானத்தைக் காப்பாற்றத்தான் சொன்னேன், வேறொன்றுமில்லை. அன்று என் கண்ணைச் சரியாக்க நீ சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டு வந்திருந்தாய்.

செவ்வாய்க்கிழமை, அதாவது முந்தாநாள், வஹகோட்டைக்குப் போனேன். பாவசங்கீர்த்தனம் கேட்டவர் புது ஃபாதர், உன்னைவிட வயது குறைந்தவர். எல்லாவற்றையும் சொன்னேன். "பொருத்தன யாரோடது, அம்மா?" என்று கேட்டார். "என்னோடது, ஃபாதர்." "அதக் கட்டிக்கிட்டு இருக்கிறது யாரு?" "என் மகன்." "அவருக்குத் தெரியுமா?" "தெரியாது." பிறகு, "முதல்ல அவர்கிட்ட சொல்லிட்டு வாங்க. மிச்சத்த அதுக்குப் பிறகு பேசுவோம்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லிவிட்டுப் போங்கள் என்று அனுப்பிவிடுவார் என்றுதான் நினைத்துப் போயிருந்தேன். பஸ்ஸில் வரும்போதுதான் அவர் சொன்னது நியாயம் என்று பட்டது.

டயக்னோசிஸ் கார்டை இதோடு வைத்திருக்கிறேன். ஜெபப் புத்தகத்தின் உறைக்குள் பதினான்கு வருடம் கிடந்ததால் மடிப்பில் கொஞ்சம் கிழிந்திருக்கிறது. கடைசி வரியைப் பார். ஆங்கிலத்தில் கிறுக்கியிருந்தாலும் உனக்கு வாசிக்க முடியும். இதை எடுத்துக்கொண்டு நல்ல கண் டாக்டர் ஒருவரிடம் போ. என் வாயால் இன்னொரு தடவை உனக்குக் கண் பரிசோதனை வேண்டாம்.

இன்னும் மூன்று மாதத்தில் உனக்கும் பிள்ளை பிறக்கும். புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன், ஒன்றே ஒன்றுக்குத்தான் இருக்கிறது. உன் பிள்ளை மரத்தில் ஏறும், ஆற்றில் இறங்கும், உனக்குப் பிடிக்காத எதையாவது உயிராய் நினைக்கும். அப்போது, எனக்குப் பயமாக இருக்கிறது என்று அதன் முகத்தைப் பார்த்துச் சொல். டாக்டர் சொன்னார், சாமி சொன்னார் என்று உன் பயத்தை இன்னொருவர் வாயில் வைக்காதே. அன்று கட்டிலுக்குப் பக்கத்தில் நான் "பயமா இருக்கு மகன், ஓட்டாத" என்று அழுதிருந்தால் நீ என்ன செய்திருப்பாய்? சண்டை பிடித்திருப்பாய். ஒரு வருடம் பேசாமல் இருந்திருப்பாய். ஒருவேளை எனக்காக விட்டும் இருப்பாய். எதுவாக இருந்தாலும் அது நீ எடுத்த முடிவாக இருந்திருக்கும், அப்பாவும் ப்ரேக்கைத் தொட்டிருப்பார்.

நீ அந்த மலைப்பாதையில் ஓட்டவேண்டும் என்று இதை எழுதவில்லை. ஓட்டக்கூடாது என்றும் எழுதவில்லை. எனக்கு இன்னும் பயம்தான், இதோ உன் முகத்தைப் பார்க்காமல் என்றாலும் சொல்லிவிட்டேன். மருமகளோடு பேசு, அவளுக்கும் இதில் சொல்ல இருக்கும். என்னோடு எத்தனை நாள் பேசாமல் இருக்க வேண்டுமோ இரு, நான் போன் எடுத்துத் தொந்தரவு செய்யமாட்டேன். அந்தோனியாருக்கு நான் கொடுத்த வாக்கை நான் வேறு விதமாகக் கட்டிக்கொள்கிறேன், அது எனக்கும் அவருக்கும் உள்ள விஷயம்.

நோனாவிடம் சீட்டுக்கு இன்னும் ஒரு மாதம் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அந்த ஆளின் அளவுக் காகிதம் மெஷின் லாச்சிக்குள் பத்திரமாக இருக்கிறது. அவருக்குத்தான் தைக்க வேண்டும் என்று நீ சொன்னால், குறை வைக்காமல் தைத்துக் கொடுப்பேன். ஆனால் அதற்கு முன் ஒரு தரம் வா. கோபத்தோடு வந்தாலும் பரவாயில்லை. இதில் ஒரு தரம் உட்கார்ந்து காட்டு. இடுப்பில் நீ இரண்டு அங்குலமாவது போட்டிருப்பாய், சோக்கட்டி எடுத்து வைத்திருக்கிறேன். இடது தோளுக்குப் பின்னால் அந்தப் பதக்கம் இன்னும் இருக்கிறது, விரலால் தடவினால் தட்டுப்படுகிறது. அதை உள்ளே விடுவதா எடுப்பதா என்று இந்தத் தடவை நீ சொல்.

அம்மா